நாலுமுக்கில் உட்கார்ந்தவள்

ஆவுடையூர் நாலுமுக்கில் இருபத்தைந்து வருஷமாகக் கையில் கரண்டியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்த பிரமநாயகி, ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தென்காசிக்குப் போகும் முதல் பஸ் வந்து திரும்புவதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

நின்றவள் படத்துப் பிரமநாயகி. தங்கக்கரண்டி சாம்பார் பொடிக் கம்பெனிக்காரர்கள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு நிறுத்தியிருந்த விளம்பரப் பலகையில், ஒரு மேஜையைச் சுற்றி ஒரு புருஷனும் ஒரு மாமியாரும் ஒரு மகனும் ஒரு மகளும் தட்டோடு உட்கார்ந்திருக்க, அரக்குப் பட்டு உடுத்தித் தலை நிறையப் பூ வைத்து அவர்களுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள் அவள். காலடியில் ஆளுயர எழுத்தில் ‘அவள் சிரித்தால் வீடு ருசிக்கும்’ என்று எழுதியிருந்தது. படம் எடுத்தவன் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட நினைக்கவில்லை, ஆகையால் உட்காரவேண்டும் என்று வந்தபோது அவள் தரையில்தான் உட்கார வேண்டியிருந்தது. மேஜைக்காலில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் நீட்டி, கரண்டியை மடியில் போட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை இல்லை, கோபம் இல்லை, சிரிப்பை மட்டும் தலைச்சுமை மாதிரி இறக்கி வைத்திருந்தாள். மற்ற நாலு பேரும் அவள் முகம் முன்பு இருந்த வெற்றிடத்தைப் பார்த்து அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் இருந்த பிரமநாயகிக்கு இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவள் நாலுமுக்கில் பூக் கட்டி விற்கும் இசக்கியம்மா.

“எக்கா, நீ உக்காந்துட்டியாமே?”

“நான் எங்கட்டி உக்காந்தேன்? கோழி கூப்பிட்டதுலருந்து நிக்கேன்.”

“நீயில்லக்கா. முக்குல நிக்கவ.”

பிரமநாயகி தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். நாற்பத்தெட்டு வயசு, இரண்டு முட்டியிலும் வலி. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. இத்தனை வருஷம் எப்படி நின்றாள் என்பதுதான் மனசில் வந்தது.

இருபத்து மூன்று வயசில் அவளைப் படம் எடுத்தார்கள். புருஷன் மாசிலாமணி அப்போதுதான் கம்பெனியில் அரைவைப் பகுதி மேற்பார்வைக்குச் சேர்ந்திருந்தான். பெரிய முதலாளி ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், சோற்றைப் பாதியில் நிறுத்திவிட்டு, “மாசிலாமணி, உம்ம சம்சாரம் பரிமாறுற அழகு இருக்கே” என்றார். மாசிலாமணி, “சரி மொதலாளி” என்றான். முதலாளி இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை. படம் வந்தபோது பிரமநாயகியின் கறுப்பை இரண்டு படி குறைத்து, மூக்கைக் கொஞ்சம் கூராக்கியிருந்தார்கள், அவளைப் பெற்றவளே பலகையைப் பார்த்து, “இது யாரு வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டாள். ஆனால் ஊருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் தெருவில் சிரிக்காமல் போனால், “என்ன மைனி, வீட்டுல சண்டையா?” என்று கேட்டார்கள். சிரித்துப் போனால் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேள்வி இல்லாமல் நடமாடுவது சுலபம் என்று அவளும் சிரித்துப் பழகிவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊர், மழை பெய்தால் குடை எடுப்பது போல, இதையும் எடுத்துக்கொண்டது. ‘சாம்பாரம்மா முக்கு இறங்கு’ என்று இருபத்தைந்து வருஷம் கத்திய கண்டக்டர்கள் மத்தியானத்துக்குள் ‘உக்காந்தம்மா முக்கு இறங்கு’ என்று மாற்றிக்கொண்டார்கள். டீக்கடையில் ஆண்கள், சாப்பாட்டு நேரத்தில் இப்படிக் காலை நீட்டினால் வீடு விளங்குமா என்று பேசினார்கள், மேஜையில் இருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு இனி யார் ஊற்றுவார்கள் என்று கவலைப்பட்டார்கள். கரண்டி மடியில் எட்டும் தூரத்தில்தானே கிடக்கிறது, அந்தப் புருஷன் குனிந்து எடுத்துக்கொள்ளட்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்கள் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் இருந்து இறங்கி, பையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றும் நேரம் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கம்பெனியை இப்போது நடத்துவது பெரிய முதலாளியின் மகன் குற்றாலிங்கம். அவர் பழைய படத்தை இறக்கிவிட்டு அதே படத்தைப் புதிதாக அச்சடித்துக் கொண்டுவந்து கட்டச் சொன்னார். அச்சகத்திலிருந்து வண்டியில் வரும்வரை அவள் நின்றாள். நாலாவது மூலைக் கயிற்றை இறுக்குவதற்குள் உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் ஒன்று அடித்தார்கள். இந்தத் தடவை வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சாம்பார் ஊத்த வேண்டியவ கால நீட்டிட்டா எவன்வே பொடி வாங்குவான்?” என்று குற்றாலிங்கம் மாசிலாமணியைக் கூப்பிட்டுக் கேட்டார். பிறகு குரலைத் தணித்து, “உம்ம மக வடிவுக்கு என்ன வயசு?” என்றார்.

“இருபத்திரண்டு மொதலாளி.”

“அதே முகவெட்டுல்லா. இனி அவ நிக்கட்டும்.”

“சரி மொதலாளி.”

மாசிலாமணி இதை வீட்டில் வந்து சொன்னபோது வடிவு இல்லை. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. முதல் பஸ்ஸில் போய்ப் பொழுது சாய வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றும் இடத்திலேயே சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடுவாள்.

“வாக்குக் குடுத்துட்டு வந்துட்டியளா?” என்றாள் பிரமநாயகி.

“இருபத்தஞ்சு வருஷமா அவாள் உப்பைத் திங்கோம். ஒரு படம். அதுல என்ன தேய்ஞ்சு போச்சு? உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

என்ன குறைந்தது என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். இருபத்தைந்து வருஷத்தை ஒரு வாக்கியத்துக்குள் மடிக்கத் தெரியாமல், தட்டைக் கழுவப் போய்விட்டாள். வடிவு அந்தப் பலகையில் ஏறி நின்றால், அதற்குப் பிறகு இந்த ஊரில் அவளும் முகத்தைத் தன்னிஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. பிரமநாயகிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது போதுமானதாகவும் இருந்தது.

ஆனால் வடிவைப் படம் எடுக்கும் நாள் தள்ளிப்போனது. அதற்குக் காரணம் இசக்கியம்மா செய்த ஒரு காரியம். உட்கார்ந்தவளின் தலையில் இருந்த பூ, அவள் உட்கார்ந்த அந்த நிமிஷமே வாடிச் சுருங்கி நாராகத் தொங்கியதைப் பூக்காரியின் கண் பார்த்தது. ‘பாவம், இருபத்தஞ்சு வருஷத்துப் பூ’ என்று, விற்காமல் மிஞ்சிய ஒரு முழம் பிச்சியைப் பலகையின் இரும்புக் காலில் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளைக்கு வைத்த பூ, அவ்வளவுதான். மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு நின்ற யாரோ பூவைப் பார்த்துவிட்டு செருப்பைக் கழற்றினார்கள். செருப்பைக் கழற்றியதைப் பார்த்த யாரோ சூடம் கொளுத்தினார்கள். வெள்ளிக்கிழமை இரும்புக் காலுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தார்கள். நின்ற அம்மனைவிட உட்கார்ந்த அம்மனுக்கு உக்கிரம் கூட என்றும், கையில் இருப்பது கரண்டி இல்லை, தண்டாயுதம் என்றும், மேஜையில் இருக்கும் நாலு பேரும் பரிவார தேவதைகள் என்றும் ஊர் சொல்லத் தொடங்கியது.

“நான் பூதான வச்சேன்,” என்றாள் இசக்கியம்மா, பிரமநாயகியிடம் வந்து. “அசந்து உக்காந்தவளைச் சாமியாக்கிட்டாவளே. இனி அவளுக்கு எந்திரிக்கவும் முடியாது, சாயவும் முடியாது.”

“உனக்கு வியாபாரம் நல்லா ஓடுமேட்டி.”

“ஓடுது. அதாம்க்கா கூச்சமா இருக்கு.”

வேண்டுதல்கள் வந்தன. பலகையின் குறுக்குச் சட்டங்களில் மஞ்சள் நூலில் சுருட்டிக் கட்டிய சீட்டுகள் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி தொங்கின. மகனுக்கு சவூதி விசா கேட்டவர்களும், குடிக்கிற புருஷனைத் திருத்தச் சொன்னவர்களும், நின்றுபோன கிணற்று ஊற்றைக் கேட்டவர்களும் இருந்தார்கள். மேலத்தெரு சிவகாமி ஆச்சி, தன் மருமகளுக்குப் பணிவைக் கொடு என்று எழுதிக் கட்டினாள். அதற்குப் பக்கத்தில் அவள் மருமகள் என்ன எழுதிக் கட்டினாள் என்பது யாருக்கும் தெரியாது. டீக்கடை ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டி நின்று கும்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், சாம்பாரில் உப்பு இல்லை என்று சத்தம் போட்டார்கள். குற்றாலிங்கம் உட்கார்ந்த கோலத்தையே பொட்டலத்தில் அச்சடித்து, ‘அமர்ந்த அம்மன் அருளோடு’ என்று போட்டார். பொடி முன்னைவிட நன்றாகப் போனது. வடிவைப் பற்றி அவர் மறந்துவிட்டார்.

பிரமநாயகிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அவள் உட்கார்ந்திருக்கிறவரைக்கும் என் மகள் நிற்கவேண்டியதில்லை என்று தினமும் காலையில் எண்ணிக்கொண்டாள். எண்ணியபிறகு, அது மற்றவர்கள் கட்டிய சீட்டுகளைப் போல இன்னொரு சீட்டு என்பதும் அவளுக்கு உறைத்தது.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். மத்தியான வெயிலில், முக்கில் ஆளே இல்லாத நேரம் பார்த்து அவள் பலகைக்குப் போனாள். இத்தனை நாளும் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள், கிட்டப் போய் நின்று நிமிர்ந்தாள்.

படத்துக்காரியின் நிறம் மாறியிருந்தது. வெயிலில் வெளுத்துவிட்டது என்று ஊர் சொன்னது பொய். அவள் கறுத்திருந்தாள், பிரமநாயகியின் சொந்தக் கறுப்பு. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. மேஜைக்காலில் சாய்ந்திருந்த முதுகு, கும்பிட வருகிறவர்களுக்காக நிமிர்ந்துவிட்டது; நீட்டிய கால்களை, முகத்துக்கு நேரே கால் நீட்டக் கூடாது என்றோ என்னவோ, மடக்கி வைத்திருந்தாள். இதையெல்லாம்விட, அவள் உதட்டின் இடது ஓரம் லேசாக மேலே ஏறியிருந்தது. அந்தச் சிரிப்பு திரும்பி வந்துகொண்டிருந்தது. பிரமநாயகிக்கு அந்தத் தசை தெரியும். எந்த இடத்தில் வலிக்கும் என்று தெரியும்.

‘இப்படியே உக்காந்திரு தாயி, என் பிள்ளைக்காக’ என்று கேட்கத்தான் வந்திருந்தாள். அந்த வார்த்தைகளை வீட்டிலிருந்து வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். தலைக்கு மேலே காற்றில் சீட்டுகள் சலசலத்தன. ஊர் முழுக்கக் கேட்கிறது. நானும் கேட்டால், இவளிடம் எதுவும் கேட்காத ஒரு ஆள்கூட இந்த ஊரில் இல்லாமல் போய்விடும். பிரமநாயகி வெகுநேரம் நின்றாள். முட்டி வலித்தது. பிறகு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போலச் சொன்னாள்:

“படுத்துக்கோட்டி. வீட்டுப் பாட்டை நான் பாத்துக்கிடுதேன்.”

சொன்னபிறகு பயம் வந்தது. இவள் படுத்தால் வடிவைக் கூப்பிடுவார்கள் என்பது தெரிந்தேதான் சொல்லியிருந்தாள். என்றாலும் சொன்னதைத் திரும்ப வாங்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் படத்துக்காரி படுத்திருந்தாள். மேஜையின் அடியில், ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கையை மடித்துத் தலைக்கு வைத்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. மூச்சு விடுவதுகூட முதுகில் தெரிந்தது என்று இசக்கியம்மா சொன்னாள்.

உட்கார்ந்ததைத் தாங்கிய ஊருக்கு இதைத் தாங்க முடியவில்லை. சிவன்கோவில் குருக்களை அழைத்துவந்து கேட்டார்கள். வடக்கே ஓரிடத்தில் படுத்த அம்மன் உண்டு, ஆனால் மல்லாந்து படுத்தவள். முதுகு காட்டிய அம்மன் தான் அறிந்து எந்தத் தலத்திலும் இல்லை என்று அவர் கையை விரித்தார். தெய்வக் குற்றம் என்றார்கள் சிலர். கொழுப்பு என்றார்கள் டீக்கடையில். சீட்டுக் கட்ட வந்தவர்கள், கேட்கிற காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல், பலகையின் பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். அங்கே தகரமும் துருவும்தான் இருந்தன.

மத்தியானம் மூன்று மணிக்குக் குற்றாலிங்கம், படம் எடுக்கிறவரையும் ஒப்பனைக்காரப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு பிரமநாயகி வீட்டுக்கே காரில் வந்துவிட்டார். தெரு பின்னாலேயே வந்தது. வடிவுக்கு அன்று அரை நாள் வேலை. வந்து முகம்கூடக் கழுவவில்லை. அவளைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து, ஒப்பனைக்காரி பெட்டியைத் திறந்து, நிறப்பூச்சுகளைக் கன்னத்துக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, “ரெண்டு ஷேடு ஏத்திடலாம் சார்” என்றாள். அரக்குப் பட்டும் வந்திருந்தது.

“வெயில் சாயறதுக்குள்ள முக்குக்குப் போயிரணும்,” என்றார் படம் எடுக்கிறவர். “அந்தப் பலகை பக்கத்துலேயே நிக்க வச்சு எடுத்தாதான் ஜனங்க நம்புவாங்க.”

பிரமநாயகி அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

“என் பிள்ள வரமாட்டா.”

“நாயகி!” என்றான் மாசிலாமணி. “மொதலாளிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“குடுத்த வாக்குக்கு நீங்களே போய் நில்லுங்க. சேலை இந்தா இருக்கு, கரண்டியும் தாரேன்.”

வாசலில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். இசக்கியம்மா, “அண்ணாச்சிக்கு ரெண்டு ஷேடு பத்தாது, நாலு ஏத்துங்க” என்றாள். மாசிலாமணியின் முகம் வற்றிப்போனது. அவன் தலை நரைத்த ஆள். அரைவை இயந்திரத்தில் இருபத்தைந்து வருஷம் தும்மித் தும்மி மூச்சு கெட்டுப்போனவன். அவனைப் பார்க்கவும் பிரமநாயகிக்குப் பாவமாக இருந்தது.

குற்றாலிங்கம் சிரிக்கவில்லை. “அக்கா, ஆம்பளை பரிமாறுற பொடியை எவளும் வாங்கமாட்டா. ஊரு எதை வாங்குதோ அதைத்தான் நான் காட்டுதேன். குத்தம் சொல்லணும்னா ஊரைச் சொல்லுங்க.” அது பொய் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் வடிவு வாயைத் திறந்தாள். ஒரு கன்னத்தில் மட்டும் பூச்சு இருந்தது.

“அப்பா வருவான்னுட்டாவ. அம்மா வரமாட்டான்னுட்டா. எங்கிட்ட யாராவது கேட்டியளா?”

பிரமநாயகிக்கு உறைத்தது. முக்கில் நின்றவளிடம் கேட்காமல் இருக்கத் தெரிந்த தனக்கு, வீட்டில் இருப்பவளிடம் கேட்கத் தெரியவில்லை. அவளாக வருகிறேன் என்று சொல்லிவிட்டால்? சொன்னால் சொல்லட்டும். பிரமநாயகி அடுப்படி வாசலை விட்டு வந்து மகளுக்கு முன்னால், முட்டி வலிக்கத் தரையில் குந்தினாள்.

“நீ சொல்லு. போறியா?”

வடிவு பட்டுச்சேலையைப் பார்த்தாள். ஒரு கணம் அதன் சரிகையில் விரலை வைத்தும் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

“யோசிச்சுச் சொல்லுதேன்.”

உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வருவேன் என்றால் கூட்டிப்போகலாம், மாட்டேன் என்றால் சண்டை போடலாம், அழுதால் சமாதானப்படுத்தலாம். யோசிக்கிறேன் என்று ஒரு பெண் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு ஆவுடையூரில் வழக்கம் எதுவும் இருக்கவில்லை. குற்றாலிங்கம் உட்கார்ந்தார், எழுந்தார். படம் எடுக்கிறவர் வாசலுக்குப் போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வந்தார். மாசிலாமணி கதவுப் பக்கம் போனான். பிரமநாயகி அதன்முன் ஒரு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“என்னட்டி செய்யுதா உள்ள?”

“யோசிக்கா.”

“இவ்வளவு நேரமா?”

“நமக்குப் பழக்கமில்லாததால நேரமாத் தெரியுது.”

நாலு மணி ஆனது, ஐந்து ஆனது. தெருவில் நின்றவர்கள் முக்குக்குப் போய்ச் சொன்னார்கள், முக்கில் நின்றவர்கள் டீக்கடைக்குச் சொன்னார்கள். ‘மாசிலாமணி மக யோசிக்காளாம்’ என்று தென்காசி பஸ் கண்டக்டர்வரை செய்தி போனது. ஆறு மணிக்கு வெயில் மேற்குமலைக்குப் பின்னால் இறங்கியது. இனி வெளிச்சம் போதாது என்று படம் எடுக்கிறவர் பெட்டியைக் கட்டினார். ஒப்பனைக்காரி பட்டுச்சேலையை மடித்தாள். குற்றாலிங்கம், “நாளைக்கு வாரேன்” என்று யாரிடம் என்று இல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மாசிலாமணி அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, ‘சரி மொதலாளி’ என்று சொல்ல வாயெடுத்து, என்னவோ சொல்லாமல் நின்றுவிட்டான்.

பிரமநாயகி உள்ளறைக் கதவைத் தள்ளினாள். வடிவு ஒரு பக்கக் கன்னத்துப் பூச்சோடு, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கத்தில் கிடந்தாள். பூச்சு தலையணை உறையில் ஒட்டியிருந்தது. கதவுச் சத்தத்தில் அரைக்கண் திறந்தாள்.

“போயிட்டாவளா?”

“போயிட்டாவ.”

“என்ன சொன்ன?”

“யோசிச்சுக்கிட்டிருக்கான்னு சொன்னேன்.”

“நான் எங்கம்மா யோசிச்சேன். படுத்ததுதான் தெரியும்.” வடிவு திரும்பிப் படுத்தாள். கொஞ்சம் கழித்து, போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்: “எனக்கு வேண்டாம்மா. நாளைக்கு வந்தாவன்னா நானே சொல்லுதேன்.”

“சரி.”

“எழுப்பாத.”

பிரமநாயகி கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். வாசலில் பாதித் தெரு இன்னும் நின்றுகொண்டிருந்தது. சிவகாமி ஆச்சிகூட வந்து, மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டினாள்.

“என்ன நாயகி, முடிவு பண்ணிட்டாளா?”

பிரமநாயகி எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, வேறு எதுவும் இல்லை. அன்றைக்கு ஒருவரும் அதற்குக் காரணம் கேட்கவில்லை.

“இன்னும் இல்ல,” என்றாள். “இருங்க. யோசிக்கா.”